இருபதாயிரம் ஆம்பியருக்கு மேல் மரணம்!

"கரண்ட்டுன்னா உனக்குப் பயமே இல்லையாம்மா?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி அவளைக் கேட்ட கேள்வி அது.

"நிறைய இருக்கு சார்," என்றாள் அவள். "பயம் இல்லாதவங்க இருக்கிற இடத்துக்குத்தானே நான் போய் ரிப்போர்ட் எழுதணும்?"

அதற்குப் பிறகு பதினோரு வருடங்கள் ஓடிவிட்டன. மின் ஆய்வாளர் என்ற பலகை போட்ட அறை. நூற்று நாற்பது விபத்து ரிப்போர்ட்கள்.

நூற்று நாற்பத்தொன்றாவது அன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்தது.

ஃபோன் அலறியது!

"மேடம், நான் சப்-இன்ஸ்பெக்டர் பேசறேன். நூல் மில்லுல ஒரு கேஸ். பிரேக்கர் வெடிச்சு சீஃப் என்ஜினியர் காலி!"

"எப்போ?"

"பதினோரு மணிக்கு. திறப்பு விழா நடந்துச்சு. ரிப்பன் வெட்டினாங்க... கை தட்டினாங்க... பட்டன் அமுக்கினாங்க... டமால்!"

"எதையும் தொடாம அப்படியே வெச்சிருக்கீங்களா?"

"பாடியை எடுத்தாச்சு. ரிப்பனை மட்டும் எடுக்கலை. முதலாளி விடமாட்டேங்கறாரு. நல்ல பட்டாம், முடிச்சுப் போட்டு இன்னொரு தடவை வெட்டலாமாம்!"

அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஒரு நல்ல சேதி மேடம். கொலைகாரனைப் பிடிச்சாச்சு! நாலு மணிக்குக் கோர்ட். உங்க ரிப்போர்ட் மட்டும்தான் பாக்கி. 'ஆமாம்'னு ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும்."

"எதுக்கு ஆமாம்?"

"எல்லாத்துக்கும்!"

* * *

மில்லின் மின் அறை. முப்பதடி நீளம்.

உள்ளே நுழைந்ததுமே எரிந்த எண்ணெய் நாற்றம் முகத்தில் அறைந்தது.

அறையின் ஒரு கோடியில் பிரேக்கர் பெட்டி... அதாவது, காலையில் அது பிரேக்கர் பெட்டியாக இருந்தது. இப்போது வயிறு கிழிந்த இரும்பு அலமாரி. அதன் கதவு எதிர்ச்சுவரில் போய் அப்பிக்கொண்டிருந்தது.

கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றவர்தான் சீஃப்.

மறு கோடியில் வாசல். வாசல் ஓரத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பித்தளைப் பலகை. புகை படிந்திருந்ததை யாரோ அதற்குள் துடைத்துப் பளபளப்பாக்கி இருந்தார்கள்.

'இரண்டாவது கெப்பாசிட்டர் பேங்க் திறப்பு விழா.'

அதன் கீழே முதலாளி பெயர். முதலாளியம்மா பெயர். முதலாளியம்மாவின் தம்பி பெயர், பக்கத்தில் 'டெக்னிக்கல் டைரக்டர்' என்ற புத்தம்புதுப் பட்டத்தோடு. கடைசியில் பேரனின் செல்லப்பெயர்கூட இருந்தது.

ஏழு மாதம் வெயிலில் நின்று அதைக் கட்டிய சீஃப் பெயர் மட்டும் இல்லை.

"இடம் போதலை மேடம்," என்றார் பின்னாலிருந்து முதலாளி. வெள்ளைச் சட்டை முழுக்கக் கரி. பையில் செருகிய ரோஜா மட்டும் வாடவில்லை. அது பிளாஸ்டிக்.

"இறந்தவர் எப்படிப்பட்டவர் சார்?"

"தங்கம்! அப்படியொரு அடக்கம் மேடம். பட்டனை நீங்க அமுக்குங்கன்னா, வேண்டாம் வேண்டாம்னு நாலு தடவை மறுத்தாரு. உடம்பெல்லாம் வேர்த்து ஊத்திடுச்சு. கை நடுங்குது. அவ்வளவு கூச்சம்! நான்தான் விடலை. 'அமுக்குய்யா, எல்லாரும் பாக்கறாங்க'ன்னேன். அமுக்கிட்டாரு."

அவள் பேனா நின்றது.

"முதல்லயே அவர்தான் அமுக்கறதா ஏற்பாடா?"

"இல்ல இல்ல. என் மச்சான்தான் அமுக்கறதா இருந்துச்சு. பட்டன்மேல விரலை வெச்சிட்டான். அப்புறம் என்ன தோணுச்சோ, இறங்கி வந்து என் காதுல சொன்னான்... 'அத்தான், இருபத்திரண்டு வருஷம் உழைச்ச மனுஷன். அந்தப் பெருமை அவருக்கே போகட்டும்.' எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு!"

பக்கத்தில் நின்றிருந்த மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். முப்பத்தைந்து வயது. சீவிய தலை. மில்லில் எல்லோரும் அவரை 'மச்சான் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பது சம்பளக் கவர் எழுதுகிறவருக்கு மட்டும் தெரியும்.

"என் வாயாலயே அவரை அனுப்பி வெச்சிட்டேனே மேடம்!" என்றார் மச்சான், குரல் உடைந்து.

கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

கைக்குட்டை நனையவில்லை.

* * *

"கதை ரொம்ப சுலபம் மேடம்!" சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "இங்க ஒரு ஆப்பரேட்டர். 'பத்து நிமிஷம்'னு பட்டப்பேரு. எதையும் ஆஃப் பண்ணினா பத்து நிமிஷம் காத்திருந்துதான் மறுபடி ஆன் பண்ணுவானாம். மில்லே சிரிக்கும்."

"சிரிக்கக் கூடாது. கெப்பாசிட்டருக்குள்ள தேங்கின கரண்ட் வடியணும். வடியறதுக்குள்ள மறுபடி போட்டா வெடிக்கும். அவர் சரியாத்தான் செஞ்சிருக்கார்."

"அப்படீன்னா யாரோ பத்து நிமிஷத்துக்குள்ள போட்டுட்டாங்களா?"

"இது புது பேங்க். இதுவரைக்கும் கரண்ட்டே பார்க்காதது. உள்ள தேங்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"அதானே பார்த்தேன்!" சப்-இன்ஸ்பெக்டர் எதையும் பார்த்திருக்கவில்லை. "நேத்து சாயங்காலம் சீஃப் இவனை சஸ்பெண்ட் பண்ணிட்டாரு. 'விழா நேரத்துல உன் மூஞ்சியே இங்க தெரியக் கூடாது'ன்னு நாலு பேர் முன்னாடி கத்தியிருக்காரு. ஆள் கடுப்புல ஏதோ பெரிய காயிலைக் கழட்டிட்டுப் போயிட்டான். மூணு காயில். அவன் குவார்ட்டர்ஸ் பின்பக்கம், குளியலறைச் சுவர் ஓரமா, சாக்குப் போட்டு மூடி வெச்சிருந்துச்சு. முடிஞ்சுது!"

அவள் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

கம்பிவலைக்குள் இரண்டு வரிசைகள். சாம்பல் நிற கெப்பாசிட்டர் டப்பாக்கள், அடுக்கடுக்காக. ஒன்று பழையது, ஒன்று புதியது. புதியதற்குப் போகும் வழியில் மூன்று பீங்கான் பீடங்கள். காயில் உட்கார வேண்டிய இடம். அங்கே காயில் இல்லை. பதிலுக்கு மூன்று செம்புப் பட்டைகள், நேர்கோடாக, போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தன.

துளைகள் அச்சு அசலாகப் பொருந்தியிருந்தன. ஓரங்களில் அரம் போட்டு மழுக்கியிருந்தார்கள்.

"அழகா செஞ்சிருக்காங்க," என்று முணுமுணுத்தாள்.

"என்ன மேடம்?"

"கோபத்துல கழட்டினவன் போல்ட்டுக்கு வாஷர் போட மாட்டான் சார்."

கால்குலேட்டரை எடுத்தாள். ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் நாலு வரி எழுதினாள். ஒரு எண்ணின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

நாற்பத்தோராயிரம்.

"சார், இந்த பேங்க் சாதாரணமா ஓடறப்போ முன்னூறு ஆம்பியர்தான். பிரேக்கர் அதைக் கண்ணை மூடிக்கிட்டுத் தாங்கும். ஆனா பட்டனை அமுக்கி ஆன் பண்ணும்போது வேற கணக்கு. அந்த ஒரு கணத்துல இருபதாயிரம் வரைக்கும்தான் இந்த பிரேக்கர் தாங்கும். அதுதான் எல்லை. பெட்டிமேல தகட்டுலயே அடிச்சிருக்கு."

"அடிச்சிருந்ததைத்தான் விழாவுக்குப் பெயின்ட் அடிச்சு மூடிட்டாங்க," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அன்றைக்கு அவர் சொன்ன முதல் உருப்படியான வாக்கியம்.

"காயில் இல்லாம வந்தது நாப்பத்தோராயிரம்."

"முன்னூறு ஓடற இடத்துல நாப்பதாயிரமா? யார் கொடுத்தது? கரண்ட் ஆபீஸா?"

"பக்கத்து வீட்டுக்காரர்!" பழைய வரிசையைக் காட்டினாள். "ரெண்டு தண்ணித் தொட்டின்னு வெச்சுக்குங்க. ஒண்ணு தளும்பத் தளும்ப நிக்குது. ஒண்ணு காலி. நடுவுல ஆள் நுழையற அளவு குழாய். திடீர்னு திறந்தா?"

"ஐயோ, வெள்ளம்!"

"அந்த வெள்ளத்துக்குக் குறுக்கே நின்னதுதான் இந்த பிரேக்கர். காயில் இருந்திருந்தா குழாயை நெரிச்சுப் பிடிச்சிருக்கும். எட்டாயிரம் வந்திருக்கும். 'டக்'னு ஒரு சத்தம். எல்லாரும் கை தட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க."

சப்-இன்ஸ்பெக்டர் பழைய வரிசையிடமிருந்து ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"அப்போ காயிலைக் கழட்டினது விபத்து இல்ல. கொலை!"

"ஆமாம்."

"அந்த ஆமாமைத்தான் மேடம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன்!"

* * *

டைம் ஆபீஸ் அறை. ஆப்பரேட்டரின் ஒரு கை பெஞ்சோடு விலங்கு போட்டு மாட்டியிருந்தது. ஐம்பத்து நாலு வயது. இன்னொரு கையால் காக்கிச் சட்டையின் பித்தான்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அவர் மனைவி.

"மேடம், இவரு டீயைக்கூட பத்து நிமிஷம் ஆற வெச்சுத்தான் குடிப்பாரு! இவரா ஆத்திரத்துல கொலை பண்ணுவாரு? கல்யாணத்துக்கு சரின்னு சொல்லவே எட்டு மாசம் யோசிச்சாரு!"

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார் ஆப்பரேட்டர்.

"நான் சும்மா இருந்தா நீங்க உள்ள போயிடுவீங்க!" அவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "நேத்து ஆறு மணிக்கு மில்லு தள்ளுவண்டி வந்துச்சு மேடம். ரெண்டு கூலியாளுங்க. டிரம் மாதிரி மூணு சாமான். 'சீஃப் வெக்கச் சொன்னாரு, விழா முடிஞ்சதும் எடுத்துக்கறோம்'னு இறக்கி வெச்சிட்டுப் போனாங்க. இவரு அப்போ வீட்டுல இல்ல. மனசு சரியில்லைன்னு நடந்துட்டு வரப் போயிருந்தாரு. வந்து படுத்தவரு பின்பக்கமே போகலை."

"பொண்டாட்டி சாட்சி!" சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அந்தக் கூலியாளுங்க எங்கயாம்?"

"தினக்கூலிங்க. இன்னிக்கு வரலை."

"சௌகரியம்!"

அவள் ஆப்பரேட்டர் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"கேட்டுக்கு வெளியில மேடம். சஸ்பெண்ட் ஆனவன் உள்ள வரக்கூடாதுன்னு வாட்ச்மேன் விடலை. சும்மா வேலியோரமா நடந்தேன். இருபத்தாறு வருஷமா தினம் காலையில ஒரு சுத்து வந்து பார்ப்பேன். கால் தானாப் போயிடுச்சு. பார்த்தா..." அவர் குரல் தணிந்தது. "காயில் இல்ல! செம்புப் பட்டை நிக்குது!"

"என்ன செஞ்சீங்க?"

"சீஃபுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கலை. முதலாளி நம்பர் என்னை மாதிரி ஆளுங்களுக்குத் தர மாட்டாங்க. மச்சான் சாருக்குப் போட்டேன். ஒன்பது நாற்பதுக்கு. 'சார், காயில் இல்ல. யாரோ எடுத்துட்டாங்க. பட்டனை அமுக்கினா பிரேக்கர் வெடிக்கும். விழாவை நிறுத்துங்க'ன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"'சரி, நான் பார்த்துக்கறேன்'னாரு."

"பொய்!" வாசலில் மச்சான் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ! "ஃபோன் பண்ணினான், இல்லைங்கலை. எதுக்குத் தெரியுமா? மன்னிப்புக் கேக்க! 'சஸ்பெண்டை ரத்து பண்ணச் சொல்லுங்க சார்'னு அழுதான். காயிலாவது, கியிலாவது! அப்படி எனக்குத் தெரிஞ்சிருந்தா, பட்டன்மேல போய் விரலை வெச்சிருப்பேனா மேடம்?"

நியாயமான கேள்வி.

"நான் அழுதேனா?" ஆப்பரேட்டர் எழப் பார்த்தார். விலங்கு இழுத்தது. பெஞ்சு ஆடியது. "சார்! சத்தியமா நான்..."

"மூணு மணி ஆகப் போகுது மேடம்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஜீப்புல ஏத்தலாமா?"

அந்த அம்மாளின் கை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டது. 

"ஒரு நிமிஷம்." ஆய்வாளர் சப்-இன்ஸ்பெக்டரைத் தனியே அழைத்துப் போனாள். "அந்தப் பட்டையை அறுத்துத் துளை போட்டது பட்டறையில. பட்டறைச் சாவி யார்கிட்ட?"

"சீஃப்கிட்ட."

"ஆப்பரேட்டர் நல்லாப் பார்க்கிற ஆள். அவர் உள்ள இருந்திருந்தா காலையிலயே விழாவை நிறுத்தியிருப்பார். சரியா அதுக்கு முந்தின சாயங்காலம் அவரை சஸ்பெண்ட் பண்ணினது யார்?"

"சீஃப்... மேடம், நீங்க என்ன சொல்றீங்க? சீஃபே காயிலைக் கழட்டினாரா?"

"யோசிச்சுப் பாருங்க, பொருந்துதா?"

"பொருந்துது. ஆனா அவரே போய் ஏன் அமுக்குவாரு?" சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டினார். "தான் வெச்ச குண்டுமேல தானே ஏறி உக்காருவாரா? தற்கொலைன்னா வீட்டுல ஃபேன் இருக்கே!"

அவள் உள்ளே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த மில்லில் யாரும் எதையும் தானே செய்வதில்லை. முதலாளி மச்சானிடம் தள்ளுவார். மச்சான் சீஃபிடம். சீஃப் ஆப்பரேட்டரிடம். வேலை என்பது அங்கே மேலிருந்து கீழே உருளுகிற கல். கடைசியில் நிற்பவன் தலையில் விழும். இன்றைக்கு மட்டும் கடைசியில் நிற்க வேண்டியவன் கேட்டுக்கு வெளியில் இருந்தான்.

அப்படியானால்...

அவள் கண்கள் பளிச்சிட்டன.

"சார்! ஃபோட்டோகிராபர் எங்க?"

"பயந்து வீட்டுக்கு ஓடிட்டாரு. ஃபோட்டோவைக் கேட்டேன். தரமாட்டேங்கறாரு."

"ஏன்?"

"முதலாளி பார்த்து, அவர் கண்ணு மூடியிருக்கிறதை எல்லாம் கழிச்ச பிறகுதான் வெளியில விடணுமாம்!"

"ஒரு கொலைக் கேஸுல?"

"முதலாளி கேட்டுட்டாரே மேடம்!"

* * *

மூன்று இருபது.

முதலாளியின் அறை. ஏ.சி. உறுமியது. முதலாளி, மச்சான், சப்-இன்ஸ்பெக்டர், விலங்கோடு ஆப்பரேட்டர், அவர் பின்னால் மனைவி.

கேமராவை மார்போடு அணைத்தபடி ஃபோட்டோகிராபர். ஒரு பக்கப் புருவம் கருகியிருந்தது.

"எங்க நின்னு எடுத்தீங்க?" கேட்டாள் ஆய்வாளர்.

"பக்கவாட்டு மூலையில, ஸ்டூல் மேல மேடம். ஒரே ஃபிரேம்ல பட்டனும் வரணும், பித்தளைப் பலகையும் வரணும்னு சார் சொல்லிட்டாரு. பட்டன் இந்தக் கோடி, பலகை அந்தக் கோடி. அகல லென்ஸ் போட்டு மொத்த ரூமையும் எடுத்தேன்."

"பலகை விழலைன்னா அப்புறம் விழா எதுக்கு?" என்றார் முதலாளி.

கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். திரையில் படங்கள் நகர்ந்தன. ரிப்பன்... கத்தரிக்கோல்... முதலாளி... முதலாளி... முதலாளியின் மூக்கு...

"நிறுத்துங்க!"

மச்சான் பட்டன்மேல் விரல் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டும் படம்.

"அருமையா வந்திருக்கு," என்றார் முதலாளி.

"மச்சான் சாரைப் பார்க்காதீங்க. அந்தக் கோடியைப் பாருங்க. வாசலை. பெருசாக்குங்க."

பித்தளைப் பலகை வளர்ந்தது. பக்கத்தில் சிரிக்கும் முதலாளி வளர்ந்தார். அவருக்குப் பின்னால், வாசல் நிலையில் பாதி உடம்பை மறைத்தபடி ஒருவர்.

சீஃப்!

தோள் குறுகியிருந்தது. கண் இறுக மூடியிருந்தது.

இரண்டு ஆள்காட்டி விரல்களும்... இரண்டு காதுகளுக்குள்!



"பிரேக்கர் ஆன் ஆனா 'டக்'னு ஒரு சத்தம்தான் வரும்," என்றாள் அவள். "இருபத்திரண்டு வருஷமா அதைக் கேட்டவர் அவர். அந்த 'டக்'குக்குக் காதைப் பொத்த வேண்டிய அவசியம் என்ன? அவருக்குத் தெரியும்... வரப்போறது 'டக்' இல்லைன்னு!"

"ஐயோ!" முதலாளி நாற்காலியில் சரிந்தார். "அப்போ... மச்சானைக் கொல்லவா?"

"ஏழு மாசம் கட்டினது அவர். பலகையில பேரு இவரோடது. அவருக்கு மேல டைரக்டர் நாற்காலியும் இவருக்கு. காயிலைக் கழட்டி, பழியை ஆப்பரேட்டர் வீட்டுப் பின்பக்கம் இறக்கி வெச்சிட்டு, பத்திரமா வாசல்ல போய் நின்னுக்கிட்டார். கடைசி நிமிஷத்துல நீங்க கூப்பிட்டு, 'நீ அமுக்குய்யா'ன்னீங்க."

"மறுத்தாரே... நாலு தடவை..."

"கூச்சத்துல இல்ல சார். மாட்டேன்னா ஏன்னு சொல்லணும். சொன்னா ஜெயில். அமுக்கினா ஒருவேளை பிரேக்கர் தாங்கிடும்னு ஒரு நப்பாசை. உங்க மில்லுல முதலாளி கை நீட்டின பிறகு மாட்டேன்னு சொன்னவங்க யாராவது உண்டா?"

முதலாளி யோசித்தார். நெடுநேரம் யோசித்தார்.

"இல்ல," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்போ கொலைகாரன்..." சப்-இன்ஸ்பெக்டர் திணறினார். "மார்ச்சுவரியில இருக்கானா? அவனை எப்படி மேடம் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறது?"

விலங்கின் சாவியைத் தேடி எடுத்து ஆப்பரேட்டரின் கையை விடுவித்தார். அவர் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். ஆப்பரேட்டர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டார். அவ்வளவுதான்.

மச்சான் எழுந்தார். கைகளை விரித்தார்.

"கடவுள் இருக்காரு அத்தான்! நல்ல மனசோட அவருக்கு ஒரு கௌரவம் கொடுக்க நினைச்சேன். அந்த நல்ல மனசுதான் என்னைக் காப்பாத்திச்சு! இந்தப் பாவி ஆப்பரேட்டரையும் நான் மன்னிச்சுட்டேன். ஏதோ உளறிட்டான், காயில் இல்லைன்னு எனக்கு ஃபோன்ல சொன்னதா..."

"உக்காருங்க மச்சான் சார்," என்றாள் அவள்.

"ஏன் மேடம்?"

"இன்னொரு படம் இருக்கு."

ஃபோட்டோகிராபர் ஒரு பட்டனைத் தட்டினார்.

அடுத்த படம். வெடிப்பதற்கு ஒரு கணம் முன்பு எடுத்தது.

இப்போது பிரேக்கர் முன்னால் சீஃப். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை முழுநீளத்துக்கு நீட்டி, விரல்நுனியால் பட்டனைத் தொட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடியைப் பெருசாக்குங்க."

பலகை. முதலாளி. முதலாளிக்குப் பின்னால் அதே வாசல் நிலை. அதே இடம். அதே குறுகிய தோள்.

ஆனால் வேறு ஆள்!

மச்சான்!

இரண்டு காதுகளுக்குள்ளும் இரண்டு விரல்கள்! முதல் கணுவரை!

முதலாளியின் வாய் திறந்தது. மூடவில்லை.

"காலையில ஒன்பது நாற்பதுக்கு ஆப்பரேட்டர் சொன்னது உங்க காதுல நல்லாவே விழுந்திருக்கு," என்றாள் அவள். "காயிலைக் கழட்டக்கூடிய ஆள் ஒருத்தர்தான்னு உங்களுக்குப் புரிஞ்சுது. நிறுத்துங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நீங்க சொல்லலை. அவர் வெட்டின குழியில அவரையே இறக்கிட்டு, அவர் நின்ன இடத்துலயே போய் நின்னுக்கிட்டீங்க."

"பொய்! எனக்கு... எனக்குச் சத்தம்னாலே ஆகாது! சின்ன வயசுலருந்தே! அக்காவைக் கேட்டுப் பாருங்க!"

"அப்படியா? உங்க கையே பட்டன்மேல இருந்தப்போ பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீங்களே! சத்தம் ஆகாதவர், அமுக்கப் போறதில்லைன்னு தெரிஞ்சாத்தான் அப்படிச் சிரிக்க முடியும். ஒரு ஃபோட்டோ எடுக்கிற வரைக்கும் விரலை வெச்சீங்க. அதுவும் எடுத்தாச்சு. இறங்கிட்டீங்க."

மச்சானின் சீவிய தலை கலைந்தது.

"அவன் என்னைக் கொல்லப் பார்த்தான்!" என்று கத்தினார். "நான் என்ன பண்ணேன்? காயிலைக் கழட்டினது அவன்! பட்டனை அமுக்கினது அவன்! அமுக்கச் சொன்னது அத்தான்! நான் ஒண்ணுமே பண்ணலையே! சும்மாதானே நின்னேன்!"

"இத்தனை வருஷம் சும்மா நின்னதுக்குச் சம்பளம் வாங்கினீங்க," சப்-இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "இன்னிக்குச் சும்மா நின்னதுக்கு மட்டும் நாங்க சோறு போடறோம். வாங்க!"

"அத்தான்! சொல்லுங்க அத்தான்! அக்காவுக்கு ஃபோன் போடுங்க!"

முதலாளி ஃபோனைப் பார்த்தார். மனைவியின் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஃபோனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. கோர்ட்டுக்கு நாலு மணிக்குத்தான் போகிறது. ஆள் மட்டும் மாறிவிட்டார்.

ஆய்வாளர் மேஜைமேல் தாளை வைத்து ரிப்போர்ட்டின் கடைசி வரியை எழுதி முடித்தாள். முதலாளி அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்து, ஆப்பரேட்டரின் தோளில் கை போட்டார்.

"நடந்ததை மறந்துடுங்க. ரெண்டு நாற்காலி காலியா இருக்கு. சீஃப் நாற்காலி உங்களுக்கு! வர்ற திங்கட்கிழமை மறுபடி விழா வெச்சுடலாம். அதே பலகைதான். மச்சான் பேருமேல மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம். புது பிரேக்கர் வர நாலு மாசம் ஆகும்ங்கறாங்க... அதுவரைக்கும் கோடவுன்ல ஒரு பழசு கிடக்கு. ஒன்பதாயிரமோ பத்தாயிரமோ தாங்குமாம். பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி இருக்கும். போலீஸ்கிட்டருந்து காயிலை வாங்கி மாட்டறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். பட்டனை நீங்கதான் அமுக்கறீங்க. என்ன சொல்றீங்க?"

ஆப்பரேட்டர் தோள்மேல் இருந்த கையைப் பார்த்தார். அதை மெதுவாக எடுத்துக் கீழே விட்டார்.

சட்டைப்பையிலிருந்து மில் அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். கூடவே டெஸ்டரும் வந்தது. அதை ஒரு கணம் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே போட்டுக்கொண்டார். அது அவர் சொந்தக் காசில் வாங்கியது.

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்தார். போய்விட்டார்.

கதவு சாத்திக்கொண்டது.

"என்ன மேடம் இவரு?" முதலாளி திகைத்தார். "ஒரு வார்த்தை சொல்லாம போறாரு!"

"நான் மூணு பக்கம் எழுதியிருக்கேன் சார்," என்றாள் அவள், பேனாவை மூடிக்கொண்டே. "ஆனா உங்க மில்லைப் பத்தி அவரோட ரிப்போர்ட்தான் சரியா வந்திருக்கு!"